ஊரில் காய்ச்சல், மலையில் தீ: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

கேள்வி கேட்டவர் போடிக்கும் கம்பத்துக்கும் நடுவே மலையடிவார ஊரில் இருக்கிறார், ஊர்க்குழுவில் ஒருவர். ஊரில் பாதிப் பேர் விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். மாசி, பங்குனியில் மலை எரிகிறது. கொரோனா மாதிரி ஒரு தொற்று மறுபடி வந்து அதே வாரத்தில் தீயும் பிடித்தால் ஊர் என்ன செய்ய வேண்டும், எல்லோரையும் சமுதாயக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தால் நோய் பரவாதா, எந்த மாஸ்க் வாங்கி வைக்கலாம் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். தொற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜன்னலைத் திற, தள்ளி நில், வீட்டிலேயே இரு என்கிறார்கள். தீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜன்னலை மூடு, எல்லோரும் ஒன்றாகச் சேர், வீட்டை விட்டுக் கிளம்பு என்கிறார்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் எதைக் கேட்பது? நான் காட்டுத்தீ, நிவாரண முகாம் ஏற்பாட்டுப் பக்கம் வேலை பார்க்கிறவன், மருத்துவர் இல்லை. மருந்தின் அளவெல்லாம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது சீக்கிரம் ஆளைக் கொல்லுமோ அதற்குத்தான் முதல் கவனம். தீக்கு நிமிடக் கணக்கு, புகைக்கு மணிக் கணக்கு, தொற்றுக்கு நாள் கணக்கு. இரண்டும் சேர்ந்து வருமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதியானார். அதே மாவட்டத்தில் கொற்றம்பத்தூர் காட்டில் பிப்ரவரி 16 அன்று தீயணைக்கப் போன வன வாட்ச்சர்கள் மூன்று பேர் கருகி இறந்தார்கள். அந்த ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமானம் விழுந்தபோது உள்ளூர்க்காரர்கள் தொற்றை நினைத்துத் தயங்காமல் அடிபட்டவர்களைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு தனிமையில் இருந்தார்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இதையே சாக்காக வைத்து, எங்கோ மலை முகட்டில் புகை தெரிந்தவுடன் ஊரையே ஒரு கூடத்தில் அடைப்பதும் தப்பு. பள்ளத்தாக்கின் தரையில் இருக்கும் கான்கிரீட், ஓட்டு வீடுகளுக்குக் காட்டுத்தீ நேரடியாக வந்து சேர்வது அபூர்வம். அங்கே பிரச்சினை புகைதான். தீ நேரடியாகத் தொடுவது சரிவில் இருக்கும் குடியிருப்புகளை, தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை), மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் மேலே போனவர்களை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே திட்டம் போடாதீர்கள்.

சரிவில் இருப்பவர்களுக்கு முதலில். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும்; சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்கள் பக்கத்து மலையில்தான். ஆளுயரப் புல் காய்ந்து நின்ற செங்குத்துச் சரிவில் காற்றோடு வரும் தீயை ஓடி ஜெயிக்க முடியாது. மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கருத்த தரைக்கோ வெறும் பாறைக்கோ போக வேண்டும். ஓடைப் பள்ளம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அதில் இறங்கக் கூடாது, அது புகைபோக்கி மாதிரி தீயை உறிஞ்சி மேலே இழுக்கும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எந்த மேட்டை, எந்தத் தீத்தடுப்புக் கோட்டை (தீ பரவாமலிருக்கப் புல் செதுக்கிய வெறும் தரையை) தீ தாண்டினால் கிளம்புவது என்று தை மாதத்திலேயே முடிவு செய்து, அந்த இடத்தை எல்லோருக்கும் கைகாட்டி வைத்துவிட வேண்டும். தீ வந்த பிறகு கூடிப் பேசினால் பேச்சு முடிவதற்குள் பாதை அடைபட்டுவிடும். வீட்டுத் தனிமையில் இருக்கும் நோயாளிகளுக்கும் அதே கோடுதான். அவர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், யார் எந்த வண்டியில் என்று முன்பே எழுதி வையுங்கள். பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி இதற்கு நல்லது. பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் ஆஷா பணியாளரிடம் ஒன்று இருக்கட்டும்.

இனி ஜன்னல் விஷயம். அடிவார ஊருக்கு இதற்கு நேரத்தை வைத்துப் பதில் சொல்லலாம். ராத்திரியில் மலை குளிர்ந்து, குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து இறங்கும். புகையும் அதோடு இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் விடிகாலையில் தொண்டை கரிக்கிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறித் தரை சுட்ட பிறகு காற்று மேலே திரும்பும், புகையும் மேலே போகும். ஆகவே பெரும்பாலான நாட்களில் அடிவாரத்தில் உச்சிப்பொழுதுக்குப் பிறகு சில மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடலாம், இருட்டும் நேரத்தில் மூடிவிடலாம். தீக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்கு இது அப்படியே தலைகீழ்: பகலில்தான் அங்கே புகை ஏறும். காற்று வலுவாக அடிக்கும் நாளில் இந்தக் கணக்கு உடைந்துவிடும் என்பதால் கண்ணால் ஒருமுறை பார்ப்பதே மேல். தெளிந்த நாளில் தெரியும் எட்டு கிலோமீட்டர் தூரத்து மலை மறைந்துவிட்டால் வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆஸ்துமாக்காரர்கள் உள்ளே இருக்க வேண்டும். ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் தண்ணீர் டேங்கே தெரியவில்லையென்றால் எல்லோரும் உள்ளே. பனிமூட்டம் உள்ள காலையில் இந்தச் சோதனை ஏமாற்றும். மொபைல் ஆப்பில் வரும் காற்றுத்தர எண்ணை நான் அதிகம் நம்ப மாட்டேன். மலைப்பக்கம் அளவு நிலையம் இல்லாத இடங்களில் அது தூரத்து நகரத்தின் எண்ணாகவோ கம்ப்யூட்டர் கணிப்பாகவோதான் இருக்கும்.

மூட வேண்டிய நேரத்துக்கு வீட்டில் ஒரு அறையைத் தயார் செய்யுங்கள். தகரக் கூரை, ஓட்டுக் கூரை வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி சுற்றிலும் இருக்கும், புகை அதன் வழியாகத்தான் வரும். கான்கிரீட் தளம் போட்ட அறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அந்த இடைவெளியில் பழந்துணியைச் செருகி, கதவடியில் ஈரச்சாக்கு போடுங்கள். புகை இருக்கும் நாட்களில் உள்ளே விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. வெளிப்புகையை அரும்பாடுபட்டு அடைத்துவிட்டு உள்ளே ஒரு கொசுவர்த்தியை ஏற்றி வைக்கும் வீடுகள்தான் அதிகம். விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றவிடுவது, அதனால் புகை நாளில் போடலாம். ஏர்கூலர் வெளிக்காற்றை இழுப்பது, போடவே கூடாது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் கணக்கு எளிது: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று மாற வேண்டும், அதாவது மணிக்கு 170 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் இயந்திரம். ஹெப்பா எனும் நுண்துகள் வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். அது புகைத் துகளையும் பிடிக்கும், இருமலில் கிளம்பும் நுண்துளியையும் பிடிக்கும். இரண்டு ஆபத்துக்கும் ஒன்றாக உதவும் பொருட்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. டேபிள் ஃபேனுக்குப் பின்னால் ஈரத்துணி கட்டினால் வடிகட்டும் என்று சுற்றும் வாட்ஸ்அப் யோசனையால் பயன் இல்லை, மோட்டார் சூடாவதுதான் மிச்சம்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், வெளியே புகை என்றால்? நோயாளிக்குத் தனி அறை, கதவைச் சாத்தி, மற்றவர்கள் உள்ளே போகும்போது மட்டும் இரு தரப்பும் மாஸ்க், புகை விலகும் பொழுதில் முதலில் அந்த அறை ஜன்னலைத்தான் திறக்க வேண்டும். ஒரே அறை வீடாக இருந்தால் மிதமான புகைக்கு ஜன்னலைத் திறந்து வைத்து எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பது, அடர்ந்த புகைக்கு மூடுவது என்பதுதான் என் யோசனை. இதற்கு நடுவே எந்த அளவில் கோடு போடுவது என்று யாரும் துல்லியமாக ஆராய்ந்து சொல்லிவிடவில்லை. புகை தொற்றைத் தீவிரமாக்குமா என்பதும் முழுதாக முடியாத விவாதம். 2020-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எரிந்த காடுகளை வைத்துச் செய்த ஆய்வில், புகை கூடிய இடங்களில் கொரோனா நோயாளிகளும் சாவும் கூடியதாகத் தெரிந்தது. ஆனால் அது ஒன்றோடொன்று சேர்ந்து வந்ததைக் காட்டுகிறதே தவிர, ஒன்றினால் மற்றது என்று நிரூபிக்கவில்லை. புகை நுரையீரலின் தற்காப்பைக் குறைக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

மாஸ்க் விஷயத்தில் துணி மாஸ்க்கும் மருந்துக்கடை நீல மாஸ்க்கும் புகைக்கு ஏறக்குறைய உதவாது. ஈரத் துண்டு கட்டினால் பெரிய சாம்பல் நிற்கும், நுண்துகள் உள்ளே போகும். தீக்கு அருகில் ஈரத் துண்டு சூடேறி முகத்தை வேகவைத்துவிடும் ஆபத்தும் உண்டு. வாங்க வேண்டியது என்95, அல்லது ஐஎஸ்ஐ முத்திரையுள்ள எஃப்எஃப்பி2. நடுவில் வால்வு வைத்தது புகைக்குச் சரி, தொற்றுக்கு ஆகாது, போட்டவர் விடும் மூச்சு அப்படியே வெளியே வரும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை வருவது இறுக்கமாக நிற்கும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும், அப்புறம் எந்த மாஸ்க்கும் பாதிதான். துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் இழையில் நிலைமின் ஏற்றம் இருக்கிறது, துகளைப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான், சானிடைசரில் இருக்கும் சாராயம் (ஆல்கஹால்) பட்டால் போய்விடும். தட்டுப்பாடு வந்தால் ஆளுக்கு ஐந்து மாஸ்க், நாளுக்கு ஒன்று, கழற்றியதைக் காகிதப் பையில் போட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி எடுப்பது என்று சுற்றுமுறை வைக்கலாம். மூச்சிழுப்பது கடினமானால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போடுங்கள். எந்த என்95-ம் கார்பன் மோனாக்சைடை நிறுத்தாது. மாஸ்க் இருக்கிறதே என்று தீக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

சமுதாயக் கூடம் பற்றி: கூடம் ஒன்றே ஒன்றாக இருப்பதைவிட, வகுப்பறைகள் உள்ள பள்ளிக்கூடம் பத்து மடங்கு மேல். பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச இடம் ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர், அதாவது 38 சதுர அடி. இருபதுக்கு இருபது வகுப்பறையில் பத்துப் பேர். தொற்றுக் காலத்தில் அந்த ஆள் கணக்கையும் பாதியாக்கி ஒரு அறைக்கு ஒரு குடும்பம், மிஞ்சினால் இரண்டு என்று வையுங்கள். குடும்பத்துக்குள் தள்ளிப் படுக்க வேண்டியதில்லை, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஆறடி வேண்டும். 2020 மழைக்காலத்துக்கு முன் கேரள அரசு முகாம்களை நான்காகப் பிரிக்கத் திட்டமிட்டது: பொதுவானவர்களுக்கு, அறுபது தாண்டியவர்களுக்கு, வேறு நோய் உள்ளவர்களுக்கு, தனிமையில் இருப்பவர்கள் அல்லது அறிகுறி உள்ளவர்களுக்கு. உங்கள் ஊருக்கு நான்கு கட்டடம் கிடைக்காது. ஒரே பள்ளியில் அறிகுறி உள்ளவர்களுக்குத் தனிக் கட்டடமும் தனிக் கழிப்பறையும் ஒதுக்க முடிந்தாலே பாதி வேலை முடிந்தது. கோட்டை விடுவது பெரும்பாலும் கழிப்பறையிலும் சாப்பாட்டு வரிசையிலும்தான். பந்தி வைக்காமல் அறைக்கே பொட்டலம் கொடுத்துவிடுங்கள்.

வாசலில் கேட்க வேண்டியது: காய்ச்சல் இருக்கிறதா, உடம்பு வலி இருக்கிறதா, எப்போதிலிருந்து. புகையால் வரும் இருமல், கண் எரிச்சல், தலைவலி நல்ல காற்றில் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் தணியும், காய்ச்சல் வராது. இருமல் மட்டும் இருந்தால் இரண்டையும் பிரிக்க வழியில்லை, பரிசோதனை செய்யும் வரை தொற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை, பலருக்கும் இது தெரியாது. தொற்று நோயாளிக்கு 94-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி என்று கொரோனாவில் பழகிவிட்டோம். தீப்புகையில் சிக்கியவருக்கு அந்த எண்ணை நம்பக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போது 98 காட்டும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், பேச்சுக் குழறல் இருந்தால் எண் என்ன சொன்னாலும் நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து 108 அழையுங்கள். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இருந்தாலும் எண் பிசகும். முகாமில் ஆஸ்துமாக்காரர்களுக்கு நெபுலைசரை (மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியை) பொது அறையில் போடாதீர்கள், நுண்துளி பரவும். ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிய இன்ஹேலர் போதுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைக்கலாம். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பேஸ்ட், மை, மாவு எதையும் அப்பாதீர்கள்.

ஆக்சிஜனும் சானிடைசரும் தொற்றுக்காக வீட்டுக்குள் வந்த பொருட்கள், தீக்காலத்தில் இரண்டுமே ஆபத்து. சானிடைசரில் 70 சதவீதம் சாராயம். நம் ஊர் வெயிலில் மூடி திறந்த கேனிலிருந்து எப்போதும் எரியும் ஆவி வந்துகொண்டே இருக்கும். ஐந்து லிட்டர் கேனை முகாம் சமையலறையில் வைக்காதீர்கள், கை நன்றாகக் காயாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். சாம்பல் படிந்த கையில் அது வேலையும் செய்யாது; சோப்பும் தண்ணீரும்தான். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் இடத்திலிருந்து அடுப்பு, பீடி, விளக்கு பத்தடி தள்ளி இருக்க வேண்டும், வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது. காட்டுத்தீயில் மின்கம்பி அறுந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும், மாற்றுக்குச் சிலிண்டர் வேண்டும். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர்: நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் பன்னிரண்டரை மணி நேரம், 5 லிட்டர் போனால் ஐந்து மணி நேரம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீயணைக்க ஊர் இளைஞர்கள் போவதானால் வனத்துறை ஆள் இல்லாமல் போகக் கூடாது, எதிர்த்தீ (வரும் தீக்கு எதிரே முன்கூட்டியே எரித்துவிடும் தீ) வைக்கக் கூடாது. ஐந்தாறு பேர் கொண்ட குழு, அந்தக் காலம் முழுக்க அதே ஆட்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் குழு மட்டும் நிற்கும், ஊரே முடங்காது. தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, பீடி கைமாறக் கூடாது. பாலியஸ்டர் ஜெர்கினும் நைலான் சட்டையும் உருகித் தோலில் ஒட்டும், பருத்திதான் போட வேண்டும். குழுவில் ஒருவர் தீயை அடிக்காமல் காற்றையும் திரும்பும் பாதையையும் மட்டும் பார்த்து நிற்க வேண்டும். கடும் வேலையில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். கொரோனாவிலிருந்து இப்போதுதான் எழுந்தவரை, நன்றாக இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும், டாக்டர் பார்க்காமல் சரிவில் ஏற்றாதீர்கள்.

ஜீப்பும் எல்லையும் மீதி. தினசரி வேலைப் பயணத்தில் படுதாவைச் சுருட்டிவிட்டு, ஆளைக் குறைத்து, ஒரே ஜீப்பில் தினமும் ஒரே ஆட்கள் போகட்டும். தீயிலிருந்து கிளம்பும் நாளில் எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேரையும் ஏற்றுங்கள், மாஸ்க் போதும். 2020-ல் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி சோதனைச் சாவடிகளில் மாநில எல்லை தாண்டும் பாஸ் இல்லாமல் ஆட்கள் நின்றது நினைவிருக்கும். மேலே இருக்கும் தோட்டத்தில் தீ வந்தால் இறங்குவது தமிழ்நாட்டுப் பக்கமா, விலகுவது கேரளப் பக்கமா என்பது காற்றைப் பொறுத்தது; அதனால் தீக்கால வெளியேற்றத்துக்குப் பாஸ் கேட்க மாட்டோம் என்று இரண்டு பக்கத்துத் தாசில்தார்களிடமும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைக்கப் பாருங்கள். எல்லையில் செல்போன் எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலத்துக்கு 112, 101 போக வாய்ப்புண்டு. பேச்சைத் தொடங்கும்போதே மாவட்டம், ஊர், மலைப்பெயர் மூன்றையும் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-க்கு முன் எஸ்டிடி எண் சேர்த்து அடியுங்கள், தேனிக்கு 04546, இடுக்கிக்கு 04862. தீ வருமுன் ஒருமுறை அடித்துச் சரிபாருங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கைக்கு யாரும் பதிவு செய்துகொள்ளலாம், குறுஞ்செய்தி வரும். ஆனால் செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தில்தான் அது தீயைப் பார்க்கும், செய்தி வரச் சில மணி நேரம் ஆகலாம். முகட்டில் காவல் நிற்கும் ஆளுக்கு அது மாற்றாகாது.

தீ அடங்கித் திரும்பிய பிறகு முகாமில் இருந்தவர்கள் அப்போதைய விதி சொல்லும் நாட்கள் வரை காய்ச்சல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறைவாரியாக யார் யாரோடு தங்கினார்கள் என்ற நோட்டு இருந்தால் செவிலியருக்கு வேலை எளிது. கூரையிலும் முற்றத்திலும் படிந்த சாம்பலை உலர்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்து, என்95 போட்டு வாரி எடுங்கள், குழந்தைகளைச் சேர்க்காதீர்கள். மூடியில்லாத மேல்நிலைத் தொட்டியில் சாம்பல் விழுந்திருந்தால் கொதிக்க வைப்பதால் அது போகாது. தொட்டியைக் காலி செய்து கழுவி, குளோரின் போட்டு, மறுபடி நிரப்பிய தண்ணீரைத்தான் குடிக்க எடுக்க வேண்டும்.